வாய் திறந்து கிடந்த கெளுத்தி

நேற்று ராஜபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்து வளர்ப்பு மீன் கடையிலிருந்து பாசி வாடை அடித்தது. உடனே நாலு கடை தள்ளிப் போய் நின்றுகொண்டேன். இந்த வயதில் மீன் கடைக்குப் பயப்படுகிறவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கல்யாணமான புதிதில் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் கண்ணாடித் தொட்டி இருந்தது. வீட்டுக்காரர் பட்டாளத்தில், எல்லைப் பக்கம். லீவு முடிந்து கிளம்பும்போது, எனக்குப் பொழுது போகட்டும் என்று சில தங்கமீன்களையும் ஒரு கெளுத்தியையும் வாங்கி விட்டுப் போனார். கெளுத்தியைப் பகலில் பார்த்தால் மீன் என்றே சொல்லமாட்டீர்கள். தோசைக்கரண்டி போலத் தட்டைத் தலை, அகல வாய். அடிமண்ணில் அசையாமல் கிடக்கும். தொட்டி கழுவும்போது கல்லென்று தூக்கப்போய் அலறியிருக்கிறேன்.

தங்கமீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தொட்டி மீன் போனால் வீட்டில் ஒருவருக்கு வரவிருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்பார்கள். என் மாமியாரும், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், ஒவ்வொரு முறையும் அதையே சொல்வார்: "அவனுக்கு வந்தது இதோட போச்சு." அந்தப் பேச்சை நம்பித்தான் தூங்கினேன். போன் வராத நாட்களில் மீன் குறைந்திருந்தால் நிம்மதியாக இருக்கும்.

ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. டார்ச் அடித்தால், கெளுத்தி எழுந்து நிற்கிறது. வாயோரத்தில் ஒரு ஆரஞ்சு வால் துடிக்கிறது. அப்படியானால் அவருடைய கண்டத்தை இதுவரை எந்த மீனும் வாங்கவில்லை. அடுப்படிக்கு ஓடினேன்.

"அத்தை, இதுதான் திங்குது. தூக்கிக் கெணத்துல போட்ருவோம்."

"நான் என்னைக்கோ பாத்துட்டேன் ஏட்டி. கெடக்கட்டும். இங்கனயே வயிறு நெறஞ்சுட்டா, வேற எடத்துல போயி வாயத் தொறக்காது."

அன்றிலிருந்து அந்தக் கெளுத்தி எனக்கு எமன்தான். வாராவாரம் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து தங்கமீன் வாங்கினேன். "நல்லா வளக்கீங்க போல" என்பார் கடைக்காரர். டிகிரி படித்தவள்தான் நான், என்ன செய்ய?

சர்வீஸ் முடிந்து அவர் முழுதாக வந்து சேர்ந்தார். வந்த அன்றே, பாசி பிடித்திருக்கிறது என்று தொட்டிக்குள் கைவிடப் போனார். அடுப்படியிலிருந்து ஓடிவந்து அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏலே, விடாதல! அதுக்கு இன்னைக்கு இன்னும் எரை போடல!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கெளுத்தி செத்தது, தொட்டியைக் கொடுத்துவிட்டோம், அத்தையும் போய்விட்டார். வீட்டுக்காரர் இப்போது ஒரு மில்லில் ராத்திரிக் காவலுக்குப் போகிறார். அவர் வண்டியை எடுக்கும்போது எனக்குப் பக்கென்கிறது. சொன்னால் சிரிப்பார். கூடச் சேர்ந்து பயப்பட வீட்டில் ஆள் இல்லை.