கிளாரிசாவின் பதினான்காம் விதி

என் மனைவி கிளாரிசாவுக்கு ஐம்பத்தொரு வயது. புனே கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பாள். மிச்ச நேரமெல்லாம் சைக்கிள்தான். போபோடியில் எங்கள் சந்தில் 'சைக்கிள் டீச்சர்' என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். நல்ல மனுஷி. ஆனால் ஒன்றை மனசில் வைத்துக்கொண்டாள் என்றால் லேசில் விட மாட்டாள். இருபத்தாறு வருஷமாக அனுபவிக்கிறவன் சொல்கிறேன்.

போன வருஷக் கூத்துக்கு நான்தான் காரணம். புனேயிலிருந்து தாம்ஹிணி மலைப்பாதையில் இறங்கி, கொங்கண் காட்டு மேடுகளை எல்லாம் ஏறி, கடலோரமாகத் தீவேயாகர் வரை இருநூறு கிலோமீட்டர் சவாரி. காலை ஐந்துக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குள் சேர வேண்டும். ஆளுக்கு ஒரு மஞ்சள் கார்டு. வழியில் 'கன்ட்ரோல்' என்று குறித்த இடங்களில் அதில் முத்திரை வாங்க வேண்டும். வெளியாள் உதவியையும் அங்கேதான் வாங்கலாம், நடுவழியில் கூடாது. இது எனக்கு எங்கே தெரியும்? பத்து கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது அவள் முகம் வெந்துபோய் வந்தாள். மனசு கேட்கவில்லை. அவளைப் பார்க்கப் போயிருந்தவன் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, ஒரு டம்ளர் நிம்பு பானி, அதாவது எலுமிச்சை ஜூஸ், நீட்டினேன். குடித்தாள். பின்னால் வந்த சங்கரன் அதைப் போட்டோ எடுத்தான்.

சங்கரன் வாகட்டில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர். இந்தச் சவாரியை நடத்தும் சைக்கிள் கிளப்புக்குச் செயலாளர். விதிகளை எழுதி அச்சடித்தவனே அவன்தான். கிளாரிசா நேரத்துக்குச் சேர்ந்தும், சவாரி செல்லாது என்று அவள் கார்டில் எல்லோர் முன்னாலும் குறுக்கே கோடு போட்டான். "ரூல்னா ரூல்தான் மேடம்" என்று சிரித்தான். கோட்டைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அந்தச் சிரிப்பை மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் வாங்கவில்லை. சங்கரனின் விதித்தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் படித்துப் படித்துப் பதினேழு விதியும் எனக்கே மனப்பாடம்.

இந்த டிசம்பரில் மறுபடியும் அதே சவாரிக்குப் பெயர் கொடுத்தாள். உதவிக்கு ஆள் தேவை என்றதும் நானும் பெயர் கொடுத்தேன். நூற்று அறுபதாவது கிலோமீட்டரில், ஹரிஹரேஷ்வர் கன்ட்ரோலில் முத்திரை குத்தும் வேலை கிடைத்தது. சங்கரனுக்கு அது வருஷத்தின் கடைசி சவாரி. முடித்தால் மெடல்.

ஒன்றரை மணிக்குச் சங்கரன் வந்து இறங்கினான். சட்டைப் பையைத் துழாவினான். சைக்கிள் பையைக் கொட்டிக் கவிழ்த்தான்.

"ஜோசப் சார், கார்டை மாண்காவ் டீக்கடைல விட்டுட்டேன் போல. போன்ல சிக்னலும் இல்ல. ஒரு பேப்பர்ல டைம் எழுதிக் குடுங்களேன், ப்ளீஸ்."

கார்டு இல்லாமல் முத்திரை இல்லை. ஆறாம் விதி.

"ரூல்னா ரூல்தான் சார்" என்றேன். சொல்லும்போது வாய் இனித்தது, பொய் சொல்வானேன்.

மாண்காவ் அறுபது கிலோமீட்டர் பின்னால், அத்தனையும் ஏற்றம் இறக்கம். எதிரே வருகிறவர்களிடம் கேட்டுக்கொண்டே போகலாம் என்று வந்த வழியே திரும்பினான்.

அரை மணி கழித்துக் கிளாரிசா வந்தாள். தன் கார்டை நீட்டினாள், முத்திரை குத்தினேன். பிறகு முதுகுப்பையிலிருந்து இன்னொரு மஞ்சள் கார்டை எடுத்து மேசையில் வைத்தாள். சங்கரன் பெயர்.

"ஏய், இது எப்படி உங்கிட்ட?"

"டீக்கடை மேசைல டம்ளருக்கு அடியில கெடந்துச்சு. எடுத்துட்டு வந்தேன்."

"வழியில அவனப் பாக்கலையா?"

"பாத்தேனே. காட்டு ஏத்தத்துல எதுத்தாப்புல வந்தான். கார்டப் பாத்தீங்களானு கேட்டான். டீக்கடை மேசைல பாத்தேன்னு சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

"எங்கிட்டதான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"வழியில கெடச்ச பொருள அடுத்த கன்ட்ரோல்ல ஒப்படைக்கணும். பதினாலாவது ரூல். அவன் எழுதுனதுதாங்க."

இவளா வேதபாட டீச்சர் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷமே அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துவிட்டது. ஒப்படைத்தவர் பெயர், நேரம், விதி எண் எல்லாம் கார்டில் எழுதிப் பெட்டியில் போட்டேன். மூன்று நாற்பதுக்குக் கன்ட்ரோலை மூடிவிட்டு ஸ்கூட்டரில் தீவேயாகர் போனேன்.

ஐந்தே முக்காலுக்குக் கிளாரிசா கடைசி முத்திரையை வாங்கினாள். ஆறேகாலுக்கு ஒரு டெம்போ வந்து நின்றது. பின்னால் சைக்கிள், முன்னால் சங்கரன். உதடு வெடித்திருந்தது. அவன் கார்டை நீட்டினேன். ஒப்படைத்தவர் பெயரைப் படித்தான், விதி எண்ணையும் படித்தான். கிளாரிசாவைப் பார்த்தான். முடிக்காதவர் கார்டில் கோடு போட வேண்டும். பேனாவைக் கிளாரிசாவிடம் கொடுத்தேன். நிதானமாக, ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போட்டாள்.

பிறகு என் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தாள். காலையில் எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு நிம்பு பானி. ஒரு டம்ளர் அவளே குடித்தாள். இன்னொரு டம்ளர் ஊற்றிச் சங்கரனிடம் நீட்டினாள்.

"குடிங்க சார். இது கன்ட்ரோல்தான், குடிக்கலாம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் பார்த்தான். தாகம் விடவில்லை. இரண்டு கையாலும் வாங்கித் தலை குனிந்தபடி குடித்தான். டம்ளர் காலியாகும்வரை கிளாரிசா எதிரிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவன் சிரித்த அதே சிரிப்பு.