தண்ணீர் குடிக்காமல் தொழப் போனேன்

தஞ்சாவூரில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். புற்றுநோய் போனது, சிறுநீர்க் கசிவு வந்தது. சொன்னபோது டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "உயிர் பொழச்சிட்டீங்கல்ல பாய், அது போதாதா?" என்றார். துபாயிலிருக்கும் மகனும் போனில் அதையே சொன்னான்.

கசிந்தால், தொழுகைக்காகக் கைகால் கழுவிச் செய்யும் ஒளு முறிந்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் தண்ணீரே குடிக்காமல் பள்ளிவாசலுக்குப் போனேன். ஒரு சித்திரை வெயிலில் தொழுகை வரிசையிலேயே மயங்கி விழுந்தேன். கைலி நனைந்ததை ஊரே பார்த்தது.

"கசிவு இருக்கவங்க ஒவ்வொரு வேளைக்கும் புதுசா ஒளு செஞ்சா போதுங்க. கேட்டிருக்கலாமே" என்றார் இமாம்.

இப்போது வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கிறேன். டாக்டரிடம், வெளியே காத்திருப்பவர்களுக்கும் கேட்கும்படி கசிவைப் பற்றிப் பேசுகிறேன். முதல்முறை அப்படிப் பேசியபோதுதான் அவர் தலை நிமிர்ந்தது. கசிவைக் குறைக்கப் பயிற்சி இருப்பதும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.