அம்மா மாற்றி வைத்த வசனம்

எங்கள் சபையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அதை எல்லோர் முன்னாலும் நீட்டுவார். உள்ளே வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகள் இருக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வருவதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு. அக்கம்பக்கத்தார் ராசிபலன் பார்ப்பதைக் கிண்டல் செய்யும் எங்கள் ஜனங்கள், அந்த அட்டையைத் திருப்பும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். என் அம்மாவும் அப்படித்தான்.

கொரோனா வந்ததற்கு அடுத்த புத்தாண்டன்று அக்காவுக்கு டியூட்டி. செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் அவள்; கொரோனா வார்டில் போட்டிருந்தார்கள். அதனால் அவள் பேருக்கு அம்மாவே டப்பாவில் கையை விட்டாள். மரண இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கிலும் பயமில்லை, ஆண்டவர் கூடவே வருகிறார் என்று சொல்லும் சங்கீதம் வந்தது. நல்ல வசனம்தான். ஆனால் நெம்மேலிப் பக்கத்து எங்கள் ஊரில் சவப்பெட்டியை மூடும்போது அதைத்தான் சொல்வார்கள். அம்மாவின் கண்ணுக்கு ‘மரணம்’ என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் தெரிந்தது.

“இது வேணாங்க ஐயா. வேற எடுத்துக்கறேன்” என்றாள்.

“இன்னாம்மா, லாட்டரி சீட்டா இது? ஆண்டவர் குடுத்தத மாத்தக் கூடாது” என்றார் பாஸ்டர்.

அங்கே அட்டையை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் வேலையைக் காட்டினாள். எனக்கு வந்தது சாப்பாட்டையும் தண்ணீரையும் ஆசீர்வதிக்கும் வசனம். அதைப் பிடுங்கி அக்காவின் படத்துக்குக் கீழே செருகிவிட்டு, அவளுடையதை என் கையில் திணித்தாள். “அவ தெனம் நோவுக்குள்ள பூந்து பூந்து வரா. நீ வேன் ஓட்டிகினு கீற. உனக்கு இன்னா ஆயிடப்போவுது?” எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வண்டிக்கு டீசல் இருந்தால் போதும் என்றிருந்த ஆள் நான். அட்டையைச் சட்டைப் பையில் போட்டேன்; துணி துவைத்ததில் அது கூழாகிப் போனது.

சித்திரையில் இரண்டாவது அலை வந்தது. பொத்தேரியில் நான் மாணவர்களை ஏற்றிக்கொண்டிருந்த கல்லூரியை மூடினார்கள், வேன் நின்றது. தினமும் நோயாளிகளைத் தொட்ட அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் சும்மா படுத்துக் கிடந்த எனக்கு வந்தது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அக்கா வேலை பார்த்த வார்டிலேயே என்னைச் சேர்த்தார்கள். அம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவள் சோற்றைத் தொடவே இல்லை என்று எதிர்வீட்டுக்காரர்கள் அக்காவுக்கு போன் செய்து சொன்னார்கள்.

ஒரு சாயங்காலம் அக்கா, தலை முதல் கால் வரை மூடிய அந்த உடுப்போடு என் கட்டில் அருகே வந்து, பிளாஸ்டிக் உறை போட்ட போனில் அம்மாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் முதலில் அழுகைதான் கேட்டது. பிறகு எல்லாம் கொட்டியது. “உனக்கு வந்த சாவத் தூக்கி அவன் தலையில வெச்சிட்டேன்டி பாப்பா. ரெண்டும் என் புள்ளைங்கதான. நான் எப்படிடி மாத்துனேன்?”

ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் இருந்த என்னால் பேச முடியவில்லை. அம்மாவை இப்படி ஒரு பயம் தின்றுகொண்டிருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. என் நோயைவிட அது கொடுமையாக இருந்தது.

அக்கா போனைக் கிட்டே கொண்டுபோனாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் மட்டும்தான் தெரிந்தது. “எம்மா, தெனம் இந்த டிரெஸ்ஸ மாட்டும்போது எனக்குக் கை நடுங்கும். அந்தச் சங்கீதத்தச் சொல்லிகினேதான் ஜிப்ப இழுப்பேன். அத்தப் போயி மாத்தி வெச்சியே” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “இன்னிக்கு எனக்கும் பயமாத்தான் கீது. நீ சொல்லும்மா, நாங்க கேக்குறோம்.”

தெருவே கேட்கும்படி ஜெபிக்கிற அம்மா அன்றைக்குத் தட்டுத்தடுமாறி ஆரம்பித்தாள். பள்ளத்தாக்கு வந்த இடத்தில் நின்றாள். பிறகு அதையும் சொன்னாள். முடிந்ததும், பக்கத்துக் கட்டிலில் இருந்த, கருங்குழி ஊர்க்காரர் ஒருவர் மாஸ்க்கை லேசாகத் தூக்கினார். பயிர் வைப்பவர், நெற்றியில் விபூதி இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. “நிறுத்த வேணாம்னு சொல்லும்மா. கேக்க நல்லா கீது” என்றார்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மா போனில் சங்கீதம் சொன்னாள். எங்கள் பேரோடு ‘கருங்குழி அண்ணன்’ என்றும் சேர்த்து ஜெபித்தாள். சாப்பிடவும் ஆரம்பித்தாள். நான் பிழைத்து வீட்டுக்கு வந்தேன். அவர் வரவில்லை.

இப்போது அந்த நாட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாஸ்க் போட்டவரைப் பார்த்தால் ஜலதோஷமா என்று கேட்கிறோம். நான் மறுபடி வேன் ஓட்டுகிறேன். மதுராந்தகம் போகும் வழியில் கருங்குழி வரும்போது மட்டும் ரேடியோவை நிறுத்திவிடுவேன். நான் ஏன் பிழைத்தேன், அவர் ஏன் போனார் என்று பாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தேன். தெரியாது என்றுதான் சொன்னார். அதற்காகவே அவர்மேல் மரியாதை கூடியது.

அம்மாவுக்கு மட்டும் அது ஆறவே இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு அக்காவிடம் கேட்டாள்: “கருங்குழி அண்ணனுக்கும் அதே வசனத்தத்தானடி சொன்னேன்?”

“ஆமாம்மா. கடைசியில நான்தான் பக்கத்துல இருந்தேன். உன்ன மாதிரியே சொல்லச் சொன்னாரு, சொன்னேன்” என்றாள் அக்கா. “என் கை நடுங்கிச்சு. அவரு கை நடுங்கலம்மா.”