கிணற்றில் கொட்டிய கடைத்தெரு

கடத்தூரில் சாலையை அகலப்படுத்தக் கடைகளின் முன்பக்கத்தை இடித்தபோது, அந்த இடிசலைக் கொட்ட ஊரில் இடமில்லை. டிராக்டர்காரர்கள் காடு காடாகப் போய், தண்ணீர் வற்றிய கிணறு இருக்கிறதா என்று விசாரித்தார்கள். நாங்கள் பயிர் வைக்கும் காட்டில் ஒன்று இருந்தது. ஆடு விழுந்து செத்ததிலிருந்து அப்பாவுக்கு அதை மூடிவிட வேண்டும் என்றே நினைப்பு. ஆனாலும் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் என்று என்னையும் ஒரு வார்த்தை கேட்டார்.

"வேண்டாங்கப்பா. மழத்தண்ணி அதுல எறங்கித்தான் நம்ம போர்வெல்லுக்கு வருது. எருமைக்கும் வூட்டுக்கும் அந்தத் தண்ணிதான்."

"எந்த மழ? நீ பாத்தியா?"

டிராக்டர்காரர் சிரித்தார். "தம்பி கெணத்துக்கே பாடம் எடுப்பாரு போலருக்குதுங்ணா."

அம்மா, கிணற்றின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாயை நிறுத்தச் சொன்னாள். மூடினாலும் கிணறு மூச்சுவிட வழி வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். குழாயைச் சுற்றி முதலில் செங்கல்லும் காரையும் விழுந்தன. பிறகு கழிப்பறைப் பீங்கான், பெயின்ட் டப்பா, உடைந்த சிமெண்ட் அட்டை. கல்லும் மண்ணும்தான் என்று சொல்லித்தான் அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள்.

"பிரிச்சுக் கொட்ட ஆளுக்கு எங்கீங்ணா போறது?" என்று கேட்டுவிட்டு, டிராக்டர்காரர் அடுத்த லோடுக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. போரில் தண்ணீர் வெளுத்து வந்தது. சுண்ணாம்பும் பெயின்டும் கலந்த வாடை. எருமை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மா பக்கத்துக் காட்டிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். எருமைக்கு அது எந்த மூலைக்கு? பால் குறைந்துகொண்டே வந்தது.

பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் கேட்டார். "கொட்டறதுக்குன்னு ஒரு எடம் இருந்தா உங்க கெணத்துக்கு ஏன் தம்பி வருது?"

கடைசியில், கொட்டியதைத் தோண்டி எடுக்கப் பொக்லைன்காரரைக் கூட்டி வந்தோம். "அள்ளிடலாங்க. அந்த ஓடையில ஓரமாத் தள்ளிட்டாப் போவுது" என்றார்.

அப்பா ஓடைப் பக்கம் பார்த்தபடி நின்றார். "கீழ இருக்கறவங்களும் எருமை வெச்சிருக்காங்க. நீங்க கெளம்புங்க."

மறுவாரம் எருமையைப் பக்கத்து ஊரில் விற்றோம். அங்கே தொட்டியில் வாயை வைத்தது, நிமிரவே இல்லை. அது குடித்து முடிக்கும்வரை அப்பா நின்றிருந்தார். பிறகு, மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்காத வழக்கப்படி, கயிற்றை மட்டும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.