கடல் காற்றைத் தேடிப் போனேன்

போன வருடம் காலாண்டு விடுமுறையின்போது, தரங்கம்பாடிக்குத் தெற்கே இருக்கும் ஒரு கடலோரக் கிராமத்தில் இது நடந்தது. அங்கேயே குடிபோய்விடலாமா என்று தங்கிப் பார்ப்பதற்காக, ஒன்பது வயது மகளை அழைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கேட்ட கேள்விகளை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நான் அரியலூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மகளுக்கு நான்கு வயதாகும்போது கணவரைப் பிரிந்து வந்துவிட்டேன். அதிலிருந்து நானும் அவளும்தான். நாங்கள் குடியிருந்தது மெயின் ரோட்டோரம் ஒரு மாடி வீடு. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் விடிவதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிடும். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி.

மகளுக்கு ஏழு வயதில் மூச்சிரைப்பு தொடங்கியது. முதலில் சளி என்றுதான் நினைத்தேன். பிறகு மாதம் இரண்டு முறை, மூன்று முறை என்று ஆனது. பெரம்பலூரில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் காட்டினேன். மடியில் அவளைப் படுக்க வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் வருவேன். அவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். வீட்டில் புகை ஏதாவது உண்டா என்று கேட்டார். விறகடுப்பைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "கேஸ் அடுப்புதான் சார், எல்லாம் இந்த லாரித் தூசிதான்" என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

ஒரு நாள் ரத்தம் கொடுக்க வந்த ஒரு அம்மா, தன் ஊர் நாகப்பட்டினம் பக்கம் என்றும், தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். கடல் காற்று நெஞ்சைக் கழுவிவிடும் என்றார். அன்று பிடித்துக்கொண்டது எனக்கு அந்த எண்ணம்.

வேலை முடிந்து வந்ததும் போனில் கடலோர ஊர்களாகத் தேட ஆரம்பித்தேன். கடலூர், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி. எந்த ஊரில் வாடகை என் கைக்கு அடங்கும், பள்ளிக்கூடம் நடக்கிற தூரமா, எனக்கு லேப் வேலை கிடைக்குமா, திடீரென்று முடியாமல் போனால் ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம், இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துப் பார்த்தேன். தனியாகப் பிள்ளை வளர்ப்பவளுக்குக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. ஓடி வந்து தூக்க வீட்டில் இன்னொரு ஆள் இல்லையே.

ஆனால் நான் எழுதி வைக்காத ஒரு கேள்வி போனில் வீடு கேட்கும்போதெல்லாம் வந்தது. "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" நானும் மகளும் மட்டும்தான் என்று சொன்னதும் குரல் மாறிவிடும். ஒருவர், போன வாரமே ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அதே வீட்டின் விளம்பரம் மறுபடி வந்தது. இன்னொருவர் "அண்ணன் தம்பி யாராச்சும் வந்து பேசட்டும்மா" என்றார். முப்பத்தாறு வயதில், தினமும் நாற்பது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் நான், வாடகைக்கு வீடு கேட்க அண்ணனைக் கூட்டிப் போக வேண்டுமாம்.

என் அண்ணன் பெரம்பலூர் பக்கம் பூலாம்பாடியில் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது அவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு தெரியாத ஊருல என்னத்தப் பண்ணுவ? இங்க வந்து இரு, இல்லன்னா இருக்குற எடத்துல இரு" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்வதானால், ஊரைவிட்டுப் போக நினைத்ததற்குத் தூசி மட்டும் காரணமில்லை. பஸ் ஸ்டாண்டிலும் மளிகைக் கடையிலும் என் கதை தெரிந்தவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. மகளின் மூச்சிரைப்பு, எல்லாரிடமும் தைரியமாகச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாக இருந்தது.

கடைசியில் ஒரு வீடு கிடைத்தது. வீட்டுச் சொந்தக்காரர் சென்னையில் மகனோடு இருந்தார். ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள், சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது என்றார். அந்த வார்த்தையே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஜெயங்கொண்டம், கும்பகோணம், மயிலாடுதுறை என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

சாவி கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, மீன் விற்பவர். விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, மொபெட்டின் பின்னால் அன்னக்கூடை கட்டி, ஊர் ஊராகப் போய் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவார். கதவைத் திறந்துவிட்டு, பைப்பில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்தப் பக்கம் கடலில் இறங்கக் கூடாது என்று சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் நாள் மகள் கடலைவிட்டு வரவே இல்லை. மூச்சு இரைக்காமல் மணலில் ஓடினாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் மனதுக்குள் அரியலூர் வீட்டைக் காலி செய்துவிட்டேன். அன்று நல்ல காற்று, கொசுவே இல்லை. ஜன்னல்களைத் திறந்து போட்டுத் தூங்கினோம்.

மறுநாள் சாயங்காலம் காற்று நின்றுவிட்டது. வீட்டுக்குப் பின்னால் உப்பங்கழி. அங்கிருந்து கொசு கிளம்பி வந்தது. கடலில் ஆடிய களைப்பில் மகள் ஐந்து மணிக்கே பாயில் சுருண்டு படுத்திருந்தாள். நான் ஜன்னல்களைச் சாத்தினேன். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கொசுவர்த்திச் சுருளைப் பற்ற வைத்தேன். அறை பெரியது என்று தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என இரண்டாக வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு வாசலில் துணி துவைக்க உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம் இருக்கும். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பலூனிலிருந்து காற்று மெல்லப் போவது போன்ற சத்தம். ஓடினேன். மகள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றியிருந்தாள். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. இன்ஹேலரை எடுத்து அந்த அறையிலேயே, அந்தப் புகைக்குள்ளேயே உட்கார்ந்து அடித்தேன். மருந்து கேட்கவில்லை. மறுபடி அடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பேச வரவில்லை.

தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா மொபெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். குழாயைக் கீழே போட்டுவிட்டு வண்டியை உதைத்தார்.

"ஏறு தங்கச்சி. புள்ளைய நடுவுல நிமுத்தி உக்கார வையி, படுக்கப் போடாத."

செருப்பில்லாமல் ஏறினேன். ஈர வண்டி. மீன் வாசம். அவர் முதுகில் மகள் சாய்ந்திருக்க, பின்னாலிருந்து நான் அவளைக் கட்டிக்கொண்டேன். என் உள்ளங்கையில் அவள் நெஞ்சு படபடவென்று அடித்தது. நான்கு கிலோமீட்டர் இருக்கும் அந்த ஆரம்ப சுகாதார நிலையம். வழி முழுக்க அக்கா பின்னால் திரும்பாமலே பேசிக்கொண்டு வந்தார். "பாப்பா, அந்தா பாரு பாலம் வந்துடுச்சு. அந்தா பாரு பள்ளிக்கூடம். இன்னும் கொஞ்சந்தான்." என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் அவளிடம்தான்.

டூட்டியில் இருந்தவர் வயது குறைந்த ஒரு பெண் டாக்டர். மகளுக்கு உடனே ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் மாஸ்க் மாட்டினார். ஒரு ஊசி போட்டார். நான் சுவரோரம் நின்று, மருந்துப் புகை மாஸ்க்கின் பக்கவாட்டில் கசிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து மூச்சின் அந்த விசில் சத்தம் குறைந்தது. உதட்டு நிறம் திரும்பியது. அப்போதுதான் நான் செருப்பில்லாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது.

குனிந்து அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்த டாக்டர், அப்படியே நின்று, அவள் சட்டையை மோந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கொசுவத்தி ஏத்துனீங்களா?"

"ஆமாங்க. கொசு ஜாஸ்தியா இருந்துச்சு."

"இன்னிக்கு மட்டுமா? ஊர்லயும் ஏத்துவீங்களா?"

"தெனமும்ங்க."

"எந்த ரூம்ல?"

"நாங்க படுக்குற ரூம்லதான்."

"ஜன்னல்?"

பதில் சொல்வதற்கு முன்பே எனக்கு உறைத்தது. ஜன்னலைச் சாத்தித்தான் வைப்பேன். லாரித் தூசி உள்ளே வந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று சாத்துவேன். விரிசலில் துணி வேறு திணித்து வைத்திருந்தேன். தூசி வரக் கூடாது என்று அடைத்த அறைக்குள், பிள்ளையின் தலைமாட்டில், வருடக்கணக்காக என் கையாலேயே புகை போட்டிருக்கிறேன்.

டாக்டர் திட்டவில்லை. தூசியும் ஒரு காரணமாக இருக்கலாம், இதுதான் என்று ஒன்றை மட்டும் சொல்ல முடியாது, ஆனால் மூச்சிரைப்பு உள்ள பிள்ளை தூங்கும் அறையில் சுருள் கூடவே கூடாது என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். லேப் என்று சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. வருகிற ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று துருவித் துருவிக் கேட்கிறவள் நான்.

அதைவிடப் பெரிய அடி பிறகுதான் விழுந்தது. டாக்டர் அந்தப் பக்கம் போனதும், மகள் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான் சொன்னேன்லம்மா."

"என்ன சொன்ன?"

"கொசுவத்தி வச்சா நெஞ்சு அடைக்குதுன்னு. நீதான், போர்வைய மூடிட்டுத் தூங்குன்னு சொன்ன."

எனக்கு ஞாபகம் வரவில்லை. நெஞ்சறியச் சொல்கிறேன், வரவில்லை. எப்போது சொன்னாள்? வேலை முடிந்து வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, கண் சொருகும் நேரத்தில் சொல்லியிருப்பாள். நானும் கண்ணைத் திறக்காமலே பதில் சொல்லியிருப்பேன். அவளுக்கு அந்த வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அப்பறம் ஏன்டி திருப்பிச் சொல்லல?"

"கொசு கடிச்சா உனக்குத் தூக்கம் வராதுல்ல. காலைல வேலைக்குப் போவணும்ல."

இதைச் சொல்லிவிட்டு அவளே மாஸ்க்கைச் சரியாகப் பொருத்திக்கொண்டாள். நான் அந்தக் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அழக்கூட எனக்கு அப்போது உரிமை இல்லை என்று தோன்றியது. வாசலில் மீன்கார அக்கா யாரிடமோ போனில், இன்றைக்கு வரத் தாமதமாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். மீதிச் சுருள்களை அவரே எடுத்து வெளியே போட்டார். "என் வூட்ல ஒரு கொசுவல சும்மாதான் கெடக்கு, எடுத்தாரேன் இரு" என்று போனவர், வலையோடு ஒரு தூக்குவாளியில் கஞ்சியும் கொண்டுவந்தார்.

வலையைக் கட்டும்போது அவரிடம் கேட்டேன். "வந்ததுலேருந்து நான் யாரு, எவருன்னு நீங்க ஒண்ணுமே கேக்கலியேக்கா?"

"கேட்டு நான் என்ன பண்ணப் போறேன் தங்கச்சி" என்றார், முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே.

அடுத்த நாள் அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பவே சொன்னேனே என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. அண்ணனுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர், அதில் சின்னவனுக்கு விடாத இருமல்.

"எங்க வூட்லயும் தெனம் அதத்தான ஏத்துறோம்" என்றார்.

கடலோர வீட்டுக்கு நாங்கள் குடிபோகவில்லை. அங்கே எனக்கு லேப் வேலை கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். எதைவிட்டு ஓட நினைத்தேனோ அதை நானே பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன் என்பது இன்னொரு காரணம். அரியலூரிலேயே லாரி வராத ஒரு தெருவில் வீடு பார்த்தேன். "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று இங்கேயும் கேட்டார்கள். "அவர் எங்ககூட இல்லைங்க, வீடு எனக்குத்தான் வேணும்" என்றேன். கொடுத்தார்கள்.

ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறோம், படுக்கைக்கும் வலை கட்டுகிறோம். மகளுக்கு முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பனிக்காலத்தில் இன்ஹேலர் எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் பெரம்பலூருக்குப் போவது மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றாகிவிட்டது. அங்கே அந்தக் குழந்தைகள் டாக்டரிடம், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். இப்போது அவர் கேள்வியை முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை.

மகளோடு இருக்கும்போதும் அப்படித்தான். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அவள் "அம்மா" என்றால் கண்ணைத் திறந்து, முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன். ஒரு குழந்தை தன் வலியை ஒரு முறைதான் சொல்லும், அதைக் கேட்காமல் விட்டால் நம்மைக் காப்பாற்றுவதற்காக அதை மறைக்கப் பழகிக்கொள்ளும் என்று தெரிந்துகொள்ள, என் மகளின் உதடு நீலம் பாய வேண்டியிருந்தது.