அம்மா சீட்டைக் கவிழ்க்காத ஆட்டம்

பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த அந்த வருடம் எங்கள் வீட்டை நோய் பிடிக்கவில்லை, மாமா பிடித்துக்கொண்டார். அம்மாவின் தம்பி. ஒரு சொகுசுக் கப்பலின் சூதாட்டக் கூடத்தில் மேசை துடைக்கும் வேலையிலிருந்து ஊர் திரும்பியவர். அவர் வீடு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். போய்ச் சேருமுன் கேரள-தமிழ்நாடு எல்லையை அடைத்துவிட்டார்கள். கேரளப் பக்கம் உதியன்குளங்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு இரண்டு நாளைக்கென்று வந்தவர் மூன்று மாதம் இருந்தார்.

இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். போக்கர் ஆடியே பிழைக்கிற ஆட்டக்காரர்களை ஆறு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பதால், எதைக் கண்டாலும் அவருக்குப் போக்கராகத்தான் தெரிந்தது. அப்பா மீன்காரரிடம் பேரம் பேசினால், "அத்தான், மொதல்லயே அவ்வளவு ஏத்தப்பிடாது" என்பார். வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று நான் சொன்னால், "மக்கா, ஒனக்கு பிளஃப் வராது கேட்டியா, மூக்கு வெடைக்குது" என்பார். பிளஃப் என்றால் கையில் ஒன்றுமில்லாமலே இருப்பதுபோல் காட்டுவது. சாப்பிடும்போதும் அதே பேச்சு. குளிமுறிக்குள்ளிருந்தும் அதே பேச்சு.

அவருடைய போன் வரும் வழியில் உடைந்துபோயிருந்தது. ஆகவே வீட்டிலிருந்த ஒரே போனைக் காலை பத்து மணிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசல் படியில் உட்கார்ந்து பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோ பார்ப்பார். அதே பத்து மணிக்குத்தான் எனக்கு ஏழாம் வகுப்புப் பாடம். அது டிவியிலும் வந்தது. ஆனால் போனில் பார்த்தால்தான் நடுவில் வேறு ஏதாவது பார்க்க முடியும் என்பதால் நான் தினமும் சண்டை போட்டேன். அப்பா ஆட்டோவை ஓட்ட வழியில்லாமல் கட்டிலில் படுத்தபடி, "ரெண்டு பேரும் சும்மா இரிங்க" என்று கத்துவார்.

"எனக்கும் பத்து மணிக்கு ஒரு கிளாஸ் உண்டு," என்று அம்மா ஒருநாள் சொன்னாள். போனில் வரும் பாடம், அரசாங்கக் குமாஸ்தா வேலைக்கான தேர்வுக்கு. வயது வரம்பைப் பார்த்தால் அவளுக்கு அதுதான் கடைசி முறை. அவள் சொன்னபோது மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மாமா போனோடு பின்வாசலுக்குப் போய்விட்டார். அவள் மறுபடி சொல்லவில்லை.

மத்தியானங்களில் மாமா எங்களை உட்கார்த்தி வைத்துப் போக்கர் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு நாற்பது புளியங்கொட்டை. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கு நல்ல சேர்க்கையோ அவருக்கு வெற்றி. ஆனால் மற்றவர்கள் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டால் குப்பையை வைத்திருப்பவரும் ஜெயிக்கலாம்.

"சீட்டைப் பாத்து ஆடுறவன் சாதா ஆளு. எதுத்தாப்புல இருக்கிற ஆளைப் பாத்து ஆடுறவன்தான் தொழில்காரன்," என்பார். "பந்தயம் வைக்கதுன்னா கதை சொல்லதாக்கும். மொதப் பந்தயமும் கடைசிப் பந்தயமும் ஒரே கதையைச் சொல்லணும். மனசிலாச்சா?"

பிறகு எங்கள் மூவருக்கும் ஸ்டைல் கண்டுபிடித்தார். நான், கப்பலுக்கு வரும் ஒரு கறுப்புக் கண்ணாடிப் பையனைப் போலவாம். எந்தச் சீட்டு வந்தாலும் பந்தயத்தை ஏற்றுவேன். அப்பா ஒரு தடித்த கிழவரைப் போல. எதிராளியின் சீட்டைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார், அவரிடம் எந்தப் பிளஃபும் செல்லாது. அம்மா ஒரு ஒல்லியான வெள்ளைக்கார மதாம்மாவைப் போல. "அது நாலு மணிக்கூறு சாயா குடிச்சிட்டுச் சீட்டைக் கவுத்திட்டே இருக்கும். ஒருக்கா பந்தயம் வச்சா மேசையே எந்திச்சு ஓடும். அந்த மாதிரி ஆளுக்குப் பாறைன்னு பேரு. அக்காவும் பாறையாக்கும். அக்கா வச்சா நாம ஓடிரணும்."

அம்மா சீட்டைக் கவிழ்த்தது உண்மைதான். இரண்டு சீட்டையும் பார்ப்பாள், போடுவாள், "அடுப்பில சாளை கெடக்கு" என்று எழுந்து போவாள். சாளை மீன் இல்லாத நாளில் மரச்சீனிக் கிழங்கு. மூன்று வாரம் அப்படித்தான். அதற்குத்தான் மாமா பாறை என்று பெயர் வைத்தார்.

போன் சண்டை முற்றி, நான் ஒருநாள் அவருடைய சீட்டுக்கட்டைக் கிணற்றில் போடப்போவதாக மிரட்டினேன். "எதுக்கு வழக்கு? ஆடித் தீத்துக்கிடுவோம்," என்றார் மாமா. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கும். பதினொன்றரைக்கு யாரிடம் கொட்டை அதிகமோ அவருக்கு, பள்ளிக்கூடம் திறக்கும்வரை, காலைப்பொழுதில் போன்.

"நானும் உண்டு," என்றாள் அம்மா.

"நீ எதுக்குக்கா?" என்று மாமா சிரித்தார்.

அப்பா எல்லாருடைய பந்தயத்துக்கும் சரிசமமாக ஈடு வைத்து, எல்லாருடைய சீட்டையும் பார்த்து, ஒரு மணி நேரத்தில் கொட்டை முழுவதையும் இழந்தார். அதன்பின் சீட்டுப் போடுவது மட்டும் அவர் வேலை. கடைசி ஆட்டத்தில் எனக்கு ஒரு ராஜா வந்தது. நடுவில் ஒரு ராஜா, ஒரு ஒன்பது, ஒரு நாலு. நான் ஏற்றினேன். மாமா ஈடு வைத்தார். அம்மா எழுந்து போகவில்லை. அவளும் வைத்தாள். அடுத்து இன்னொரு ராஜா விழுந்தது. எனக்கு மூன்று ராஜா! மூக்கு விடைத்திருக்கும். அம்மா கொஞ்சம் அதிகமாக வைத்தாள். ஐந்தாவது சீட்டு விழுந்ததும், மீதியிருந்த கொட்டை அத்தனையையும் உள்ளங்கையால் நடுவில் தள்ளினாள்.

மாமா அவளைப் பார்த்தார். அடுக்களையிலிருந்து கருகல் வாசனை வந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மாடி, பெரிய சீட்டாக்கும்," என்று மாமா தம் சீட்டைக் கவிழ்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார். "கவுத்துப் போட்டுரு மக்கா. ஒன் ராஜாவும் செல்லாது. பாறை வச்சிருக்கு, பாத்தியா?"

"எனக்கு மூணு ராஜா உண்டு!"

"இருந்தாலும் போடு. மூணு வாரமா நான் படிச்ச ஆளாக்கும் அது."

கப்பலைப் பார்த்தவர் சொல்கிறாரே என்று கவிழ்த்துப் போட்டேன். இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

"காட்டுக்கா," என்றார் மாமா.

"கடைசி வரைக்கும் நின்னவங்களுக்குத்தானே காட்டணும்? நீ சொன்னதுதானலே," என்ற அம்மா, சீட்டைக் கவிழ்த்தபடியே கட்டின்மேல் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடினாள். பதினொன்றரைக்கு எண்ணியபோது அவளிடம்தான் கொட்டை அதிகம். சீட்டுக்கட்டை எடுத்து வைக்கும்போது நான் மேலிருந்த இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஏழு, ஒரு இரண்டு. நடுவிலிருந்த எதனோடும் சேராதவை.

அம்மா அந்தத் தேர்வில் தேறினாள். இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு அலுவலகத்துக்குப் போய்வருகிறாள். மாமா மறுபடி கப்பலில் இருக்கிறார். போன் செய்யும்போதெல்லாம், அக்காவின் பெரிய சீட்டைக் கண்டுபிடித்துத் தானும் தப்பி என்னையும் தப்பிக்க வைத்த கதையைச் சொல்லாமல் வைப்பதில்லை. எத்தனை முறைதான் கேட்பது?

அந்த ஆட்டத்துக்கு மறுநாள் பத்து மணிக்கு அம்மா போனைச் சுவரில் சாய்த்து வைத்து, நோட்டில் குறிப்பெடுக்கத் தொடங்கினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்று வாரம் கூடவே உட்கார்ந்தும் ஆட்டம் பிடிபடவில்லையே! பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, ஏழும் ரெண்டும் வந்தா கவுத்திரணும். அதவிட மோசமான சீட்டு கெடையாது. நேத்து ஏதோ யோகம், நாங்க ரெண்டு பேரும் போட்டுட்டோம். இல்லன்னா நீ தோத்திருப்ப."

அம்மா எழுதுவதை நிறுத்தவில்லை. "அப்படியா மக்கா? எனக்கு எங்க இதெல்லாம் தெரியுது? இனி பாத்து ஆடுதேன்."

"மாமாகிட்ட சொல்ல மாட்டேன்," என்றேன் பெரிய மனது பண்ணி.

"சொல்லாத," என்றாள்.

அவள் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, டிவி போடப் போனேன்.