யார் வந்து சொன்னாலும் நம்பாதீங்க

வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்காக நான் எழுதிய ஐந்து வரிகள் இன்னும் என் கணினியில் இருக்கின்றன. முதல் வரி, வேட்பாளர் யார், எந்த ஊர் என்று சொல்வது. இரண்டாவது, குவாரிக் குட்டைக்கு வேலி கேட்டு வருடக்கணக்காக மனு கொடுப்பவர் இவர்தான் என்று நினைவூட்டுவது. மூன்றாவது, சின்னத்தைக் காட்டி அதன் பெயரை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பது. நான்காவது, சின்னம் மாறிவிட்டது என்று யார் வந்து சொன்னாலும் நம்ப வேண்டாம் என்று எச்சரிப்பது. ஐந்தாவது, கதவில் ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கேட்பது.

நான்காவது வரியில் எனக்குத் தனிப் பெருமை இருந்தது. நான் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். ஒரு செயலி எங்கெல்லாம் உடையும் என்று முன்கூட்டியே யோசித்துப் பட்டியல் போடுவதற்குத்தான் சம்பளம். கம்பெனி சென்னையில் இருக்கிறது. நான் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, சிமெண்ட் லாரிகள் போகும் சாலையோரத்து எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். பெரிய கட்சிக்காரர்கள் கடைசி நேரத்தில் என்ன புரளி கிளப்புவார்கள் என்று யோசித்து, அதற்கும் ஒரு வரி எழுதி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வேட்பாளர் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. எனக்கு உறவில்லை. தெருவுக்கே அவர் அக்காதான். என் பள்ளிச் சீருடையிலிருந்து கல்லூரிக் கடைசி நாளுக்குக் கட்டிய புடவையின் ரவிக்கை வரை எல்லாம் அவர் தைத்தவை. நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது அவருடைய மகள் எட்டாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊருக்குச் சிநேகிதியைப் பார்க்கப் போனவள், கால் கழுவலாம் என்று குவாரிக் குட்டையில் இறங்கினாள். சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுப்போன பள்ளம் அது. மழைத் தண்ணீர் நின்று, பார்ப்பதற்குக் குளம் மாதிரி இருக்கும். இரண்டாவது அடியில் தரை கிடையாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அக்கா கடையைப் பூட்டிவிட்டு மனு கொடுக்கப் போனார். குட்டையைச் சுற்றி வேலி போட வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. மனு வாங்கும் இடத்தில் ஆட்கள் மாறினார்கள். பதில் மாறவில்லை. "ஊர்ல வேற யாரும் கேக்கலையேம்மா. நீங்க ஒரு ஆளுதான் கேக்குறீங்க."

குட்டையைச் சுற்றி மூன்று ஊர்கள். அங்கே எல்லோருக்கும் வேலி வேண்டும். ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க யாரால் முடியும்?

இரண்டு பெரிய அணிகளிலும் சேராத ஒரு சின்னக் கட்சி, எங்கள் தொகுதியில் கொடி கட்டக்கூட ஆள் இல்லாத கட்சி, அக்காவை நிற்கிறீர்களா என்று கேட்டது. அவர் சம்மதித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு நான் கடைக்குப் போனேன். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு யாருடைய பாவாடைக்கோ ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"எம்எல்ஏ ஆவணும்னு எனக்கென்ன ஆசையா தாயி? அந்த மூணு ஊர்லயும் எத்தன பேரு நம்ம பக்கம்னு கவர்மெண்டே எண்ணிக் காட்டட்டும். அப்புறம் வேற யாரும் கேக்கலைன்னு சொல்ல முடியாதுல்ல?"

அன்றே நான் மாடிக்குப் போய் வாக்காளர் பட்டியலை இறக்கி, வாக்குச்சாவடி வாரியாகப் பிரித்து, ஒரு வீட்டுக்கு ஒரு வரி என்று அட்டவணை போட்டேன். போய் வந்த வீடு மஞ்சள். சின்னத்தைத் தானே சொன்ன வீடு பச்சை.

சின்னத்தை முன்கூட்டியே மனதில் பதிய வைக்க வேண்டும் என்பது என் யோசனைதான். கட்சிக்கென்று நிரந்தரச் சின்னம் கிடையாது. யாருக்கும் ஒதுக்காத சின்னங்களின் பட்டியலிலிருந்து மூன்றை வரிசைப்படுத்திக் கேட்க வேண்டும். அதில் தையல் இயந்திரம் இருந்தது. தையல்காரருக்குத் தையல் மிஷின். இதை வேறு யார் கேட்கப் போகிறார்கள்? மனுத் தாக்கலுக்கு நான்கு மாதம் இருந்தபோதே ஸ்டிக்கர் அடித்துவிட்டோம். அக்காவின் முகத்தை மூலையில் சின்னதாகப் போட்டு, மிஷினைப் பெரிதாகப் போடச் சொன்னேன். ஓட்டு மிஷினில் கண் தேடுவது சின்னத்தைத்தான், முகத்தை இல்லை என்று விளக்கவும் செய்தேன்.

எங்களோடு வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவரை மாமா என்று கூப்பிடுவேன். "லிஸ்டுல டிக்கெட் மிஷினு இல்லையாம்மா? இருந்திருந்தா நானே நின்னுருப்பேன்" என்பார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் "உள்ள யாருங்க, எறங்குறவங்க எல்லாம் வாங்க" என்று குரல் கொடுப்பார். சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள்.

குட்டைக்குப் பக்கத்து ஊருக்கு மட்டும் ஆறு முறை போனோம். வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து பெண்கள் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருப்பார்கள். நானும் கூட உட்கார்ந்து அறுத்துக்கொண்டே கேட்பேன்.

"நம்ம சின்னம் என்னங்க?"

"தையல் மிஷினு!"

"மாறிப்போச்சுன்னு யாராச்சும் வந்து சொன்னா?"

"வெளக்கமாறு எடுப்போம்!"

"வெளக்கமாறெல்லாம் வேணாங்க. நம்பாம இருந்தாப் போதும்."

"நீ சும்மா இரு பாப்பா. அருவாமணையோடதான் உக்காந்துருக்கோம்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அன்று அந்த ஊர் முழுக்கப் பச்சை ஆகிவிட்டது. மற்ற இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் ஆயின.

சின்னம் ஒதுக்கும் நாளன்று, தொகுதியின் இன்னொரு கோடியைச் சேர்ந்த ஒரு லெட்டர்பேட் கட்சியின் வேட்பாளரும் தையல் இயந்திரத்தையே முதலாவதாகக் கேட்டிருந்தார். இரண்டு பேர் கேட்டால் குலுக்கல். மடித்த இரண்டு சீட்டுகள். அதிகாரி ஒன்றை எடுத்துப் பிரித்துப் படித்தார். அது எங்கள் பெயர் இல்லை.

எங்களுடைய இரண்டாவது, மூன்றாவது விருப்பங்களை நிரப்பியதும் நான்தான். அதிகம் யோசிக்காமல், கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று நிரப்பினேன். கிடைத்தது அலமாரி.

வெளியே வந்து சொன்னதும் மாமா, "பீரோவா? சாவியக் குடுத்தாங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிரச்சாரம் முடிய இரண்டு வாரம்கூட இல்லை. நான் அழவில்லை, பட்டியல் போட்டேன். எந்த ஊரில் நம்மை இன்னும் சரியாகத் தெரியாதோ, அங்கே நாமே போக வேண்டும். எந்த ஊர் ஏற்கெனவே பச்சையோ, அங்கே செய்தி சொன்னால் போதும். தூரத்து ஊர்களுக்கு அக்காவும் மாமாவும் நானும் போனோம். குட்டையைச் சுற்றியிருந்த மூன்று ஊர்களுக்குத் திருச்சியிலிருந்து கட்சி அனுப்பிய இரண்டு பெண்களை அனுப்பினேன். கையில் பீரோ படம் போட்ட நோட்டீஸ். மறுநாள் அவர்கள் போன் செய்தார்கள். "மூணு ஊர்லயும் சொல்லிட்டோம் மேடம், நோட்டீஸும் குடுத்துட்டோம்." நான் மூன்று ஊர்களுக்கும் எதிரே 'முடிந்தது' என்று எழுதினேன்.

அந்தக் கடைசி நாட்களில் அக்கா ஒரே ஒரு முறை கேட்டார். "அந்த மூணு ஊருக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துருவமா?"

"அங்க பிரச்சினை இல்லக்கா. அவங்க நம்மள விட்டுப் போக மாட்டாங்க" என்றேன்.

நான் சொன்னது உண்மைதான். அவர்கள் எங்களை விட்டுப் போகவில்லை.

வாக்குச்சாவடி வாரியான முடிவு வெளியானதும் அதை என் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தூரத்து ஊர்களில் அலமாரிக்கு ஓரளவு ஓட்டு விழுந்திருந்தது. மூன்று ஊர்களின் சாவடிகளில் அலமாரிக்கு எல்லாமே ஒற்றை இலக்கம். அதே சாவடிகளில், அந்தப் பக்கம் ஒரு நாள்கூட வந்திராத, முகமே யாருக்கும் தெரியாத அந்த இன்னொரு வேட்பாளருக்கு, இரண்டு பெரிய கட்சிகளுக்கு அடுத்தபடியாக ஓட்டு விழுந்திருந்தது. வேறு எந்தப் பகுதியிலும், அவருடைய சொந்த ஊரிலும்கூட, அவருக்கு அவ்வளவு விழவில்லை. நான் பச்சை அடித்த வீடுகளைக் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய அதே எண்.

இரண்டையும் தாளில் அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"நாலாவது வரி நான் எழுதுனதுக்கா" என்றேன்.

"தெரியும் தாயி" என்றார். தாளை நான்காக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, பாதியில் நின்றிருந்த தையலைத் தொடர்ந்தார். நான் திட்டுக்காகக் காத்துக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டவே இல்லை. இன்றுவரை திட்டவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நானும் லீவு போட்டுவிட்டு அவரோடு மனு கொடுக்கப் போனேன். மனுவை வாங்கியவர் அக்காவை அடையாளம் கண்டுகொண்டார்.

"எலெக்ஷன்ல நின்னவங்கதானே? அந்தக் குட்டைக்குப் பக்கத்து ஊர்லயே உங்களுக்கு ஓட்டு விழலைன்னு பேசிக்கிட்டாங்க. ஊருக்கே அக்கறை இல்லைன்னா நாங்க என்னம்மா பண்றது?"

அவர் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் பையிலிருந்த தாளை எடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். துணி பிடித்துப் பிடித்து இறுகிப்போன கை. நான் தாளை உள்ளே வைக்கும் வரை விடவில்லை.

"ஏங்க்கா? நமக்கிருக்குற ஒரே ஆதாரம் அதுதானே?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன்.

"அந்த ஓட்டு இன்னொருத்தரு பேர்ல எண்ணியாச்சு. இதக் காட்டுனா வேலி வராது. அந்த ஊரு பொம்பளைங்களுக்குச் சின்னம் பாக்கத் தெரியலைன்னு சிரிப்பாங்க. அதுக்கா வெயில்ல நின்னு குத்துனாங்க?"

திரும்பும் வழியில் அவர் குட்டைக்குப் பக்கத்து ஊரிலேயே இறங்கினார். நானும் இறங்கினேன். பட்டறை நிழலில் அதே பெண்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நம்ம மிஷினு எங்க ஊர்ல மூணாவதா வந்துருச்சாம்லக்கா! பெரிய பெரிய ஆளுங்களுக்கு அடுத்து நீதானாம்!"

"ரெண்டு பேரு வந்தாளுவ, பீரோ பீரோன்னுக்கிட்டு" என்றார் அருவாமணைக்காரர். "உங்க ஆளுங்கதான் அனுப்புனாங்கன்னு சத்தியம் வேற பண்றாளுவ. தொரத்தி வுட்டோம்ல! பாப்பா சொல்லிக் குடுத்தது மறக்குமா?"

அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேள்விப்பட்டேன்" என்றார் அக்கா. "நீங்க எல்லாம் போட்டதாலதான் அவ்வளவு வந்துச்சு."

"அப்ப வேலி எப்பக்கா வரும்?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். கொடுத்த மோரை நின்றபடியே குடித்தார். மூன்று வீடுகளின் கதவுகளில் தையல் மிஷின் ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப்போய் இருந்தது. மூலையில் இருந்த முகம் அதற்கு முன்பே அழிந்துவிட்டிருந்தது.

ஊரைத் தாண்டியதும் அக்கா வீட்டுப் பக்கம் திரும்பாமல் குட்டைப் பக்கம் நடந்தார். மகள் போன பிறகு அவர் அங்கே போய் நான் பார்த்ததில்லை. கரையோரம் சீமைக் கருவேல மரங்கள். பையிலிருந்து ஒரு சுருள் துணியை எடுத்தார். தைத்து மிஞ்சிய சிவப்புத் துண்டுகளை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, நீளமான நாடாவாகச் செய்திருந்தார். அலுவலகத்தில் என்ன பதில் வரும் என்று அவருக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. அந்தச் சுருளோடுதான் கிளம்பியிருக்கிறார்.

மரத்துக்கு மரம் இடுப்பு உயரத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டே போனார். முள் கீறி முழங்கையில் ரத்தம் வந்தது. நான் பின்னாலேயே சுருளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டு போனேன். கிழக்குப் பக்கத்தில், சின்னப் பெண்கள் இறங்கும்படி சரிவாக இருக்கும் இடத்தில், மரமே இல்லை. அங்கே அவர் நின்றார்.

"இங்க கட்ட ஒண்ணும் இல்ல தாயி" என்று சொல்லி, நாடாவின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "நான் போயி ரெண்டு கம்பு வெட்டியாரேன். வர்ற வரைக்கும் இதப் புடிச்சிக்கிட்டு நில்லு."